டோல்கேட்டில் என் படத்துக்கு மாலை

நான் உயிரோடு இருக்கும்போதே என் படத்துக்கு மாலை போட்டது ஒரு கம்ப்யூட்டர் சென்டர். வடசென்னையில் டோல்கேட் என்கிற இடத்தில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பார்த்த மாடியில் இருந்தது அது. கீழே மருந்துக்கடை, பக்கத்தில் பரோட்டாக் கடை. இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும். வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் அரசுக் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தார். கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் அலையில் சரியாதபடி இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டும் வேலை. அவர் கண்ணெதிரேதான் துறைமுக ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பேனாவோடு உட்கார்ந்திருந்த ஆட்கள் வரிசையாகக் காணாமல் போனதையும் அவர்தான் பார்த்தார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்:

"இனிமே கம்பூட்டரு தெர்ஞ்சவன்தான் கேட்டுக்கு உள்ள. மத்தவன்லாம் வெளிய நின்னுகினு வேடிக்க பாக்க வேண்டிதுதான். நீ உள்ள பூடும்மா."

அப்படித்தான் என்னை அந்த மாடிக்குக் கூட்டிப்போனார். சென்டரை நடத்தியவரை எல்லோரும் சார் என்றே கூப்பிட்டார்கள். சித்திரை வெயிலிலும் டை கட்டியிருப்பார். அப்பா செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனதைப் பார்த்ததும் சாருக்குப் புரிந்திருக்கும், மிளகாய் அரைக்கத் தோதான தலை வந்திருக்கிறது என்று. அவர் காட்டியது நெட்வொர்க் படிப்பு. ஒரு ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைப்பது, இணைப்பு அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது, இதுதான் பாடம். முடிவில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நடத்தும் பரீட்சை. பாஸானால் அந்தக் கம்பெனியின் முத்திரையோடு சான்றிதழ் வரும். உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் செல்லும் என்றார் சார். டிகிரியெல்லாம் இனிமேல் எல்லார் வீட்டிலும் இருக்கும், இது இருப்பவனைத்தான் கம்பெனிக்காரன் தேடி வருவான் என்றார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கட்டணத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வயிறு எரியும்.

ஒரு விஷயத்தை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்தப் பாடம் பிடித்துப்போனது. ஒரு செய்தி துண்டு துண்டாக உடைந்து, ஆளுக்கொரு வழியில் ஓடி, போய்ச் சேருகிற இடத்தில் மறுபடி ஒன்றாகக் கூடுகிறது என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதையெல்லாம் யோசித்தவர்கள் மனிதர்கள்தானா என்று இருந்தது. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் தடிமனான புத்தகம் ஒன்று கிடைத்தது. அதை வரி வரியாகப் படித்தேன்.

சென்டரில் படித்தது வேறு. அங்கே ரௌட்டர் என்று இரண்டு பெட்டிகள் இருந்தன. நெட்வொர்க்கின் உயிரே அதுதான். ஆனால் அவை கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கும். சாமி படம் மாதிரி வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம். தொட்டால் கெட்டுப்போகும் என்பார் சார். அந்த அலமாரி ஆயுத பூஜைக்கு மட்டும்தான் திறக்கும், சந்தனமும் குங்குமமும் வைப்பதற்காக. மற்ற நாட்களில் எங்கள் கையில் இருந்தது ஒரு காகிதக் கட்டு. முன்னால் பரீட்சை எழுதியவர்கள் ஞாபகம் வைத்துவந்து சொன்ன கேள்விகள், பதில்கள். அதற்கு டம்ப் என்று பெயர். புரிய வேண்டாம், மனப்பாடம் பண்ணுங்கள், பாஸ் கேரண்டி என்றார் சார். கூடப் படித்த பலர் அதைத்தான் பண்ணினார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். தொடக்கூடாத பெட்டியைப் பற்றி வேறு எப்படிப் படிப்பது?

பரீட்சை நுங்கம்பாக்கத்தில். ஏ.சி. அறை, ஒரு கம்ப்யூட்டர், நான். அது கேட்டது, நான் பதில் சொன்னேன். கடைசிக் கேள்வி முடிந்ததும் மதிப்பெண் திரையில் வந்தது. பாஸ். நல்ல மதிப்பெண். என் வாழ்க்கையில் என்னிடம் எந்த ஏரியா, அப்பா என்ன பண்றார், இங்கிலீஷ் வருமா என்று கேட்காமல் என்னைச் சோதித்தது அந்த இயந்திரம் ஒன்றுதான். பஸ்ஸில் திரும்பும்போது அழுகையாக வந்தது. சந்தோஷத்தில்தான்.

அதற்குப் பிறகு சந்தித்தது எல்லாம் மனிதர்களை. மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனி, கிண்டியில் ஒன்று, தி.நகரில் ஒன்று என்று பைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒருவர் சான்றிதழைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, டம்ப் படிச்சீங்களா என்றார். இல்லை என்றேன். எல்லாரும் இதையேதான் சொல்றாங்க என்றார். சரி, கேள்வி கேளுங்கள் என்றேன். கேட்டார். எல்லாவற்றுக்கும் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. அப்புறம் அனுபவம் இருக்கா என்றார். முதல் வேலைக்கு வந்தவளிடம் அனுபவத்தைக் கேட்கிற மகராசன்! இந்தச் சான்றிதழ் அனுபவம் இருக்கிறவங்களுக்குத்தான் யூஸாகும்மா, எங்க ஆளுங்களுக்கு நாங்களே பரீட்சைப் பணம் கட்டி எழுத வைக்கிறோம் என்று அவரே சொன்னார். நல்லவர்தான். உண்மையைச் சொல்லி அனுப்பினார். அதை டோல்கேட் மாடியில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இன்னொரு இடத்தில் முகவரியைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள், தண்டையார்பேட்டையா, அந்தப் பக்கமெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கா என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் எல்லாம் வரிசையாக வாயில் வந்து நின்றன.

இப்படியே மாதங்கள் போயின. வேலை மட்டும் கிடைக்கவில்லை. சென்டருக்குப் போய்க் கேட்டால், ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கொடுத்துட்டுப் போம்மா, கம்பெனிகளுக்கு அனுப்பணும் என்றார் சார். கொடுத்தேன். அந்தப் படத்தில் நான் சிரிக்கக்கூட இல்லை. எண்ணெய் வைத்து வாரி, நேராக, சுவரில் அடித்த ஆணி மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. வீட்டில் பொரி, சுண்டல், கம்பி கட்டும் அப்பாவின் இரும்புச் சாமான்களுக்குப் பொட்டு. பூஜை முடிகிற நேரம் கீழே படிக்கட்டில் ஒரு ஒப்பாரி கேட்டது. எண்ணூரில் இருக்கும் என் அத்தை, அப்பாவின் அக்கா, மீன் விற்பவள். விடுமுறை நாள் என்று கருவாட்டுப் பையோடு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். வந்துவிட்டாள், மார்பில் அடித்துக்கொண்டு. முடி அவிழ்ந்து, ஒரு காலில் செருப்பில்லாமல், மாடி மாடியாக ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஏறி வந்தாள். என் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அப்பா என்ன நடந்தது என்று புரியாமல் அவளைப் பிடிக்க ஓடினார். நான் பொரித் தட்டோடு வாசலுக்கு வந்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். அழுகை அப்படியே நின்றது. கிட்டே வந்து என் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். பொரி எல்லாம் கொட்டியது. அப்புறம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"உசுரோட கீறியாடி நீ! டோல்கேட்ல ஒம் படத்துக்கு மால போட்டு, கற்பூரம் ஏத்திகினு கீறானுங்கடி. பஸ்ல இர்ந்து பாத்தேன். எங் கொல நடுங்கிப் போச்சி."

படத்துக்கு மாலை என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். யார் போனாலும் மறுநாள் காலை தெருமுனையில் பெரிய படம், மாலை, கண்ணீர் அஞ்சலி. அத்தை பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்த்ததும் அதைத்தான் நினைத்திருக்கிறாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கூட்டத்தில் இருந்த ஒரு பையன்தான் விஷயத்தை உடைத்தான். அடுத்த பிளாக்கில் இருப்பவன், அந்த வழியாக சைக்கிளில் வந்திருக்கிறான். அது சாவு போர்டு இல்லை, சென்டரின் புது போர்டு என்றான். துணி பேனர் போய் ப்ளெக்ஸ் வந்த புதிது. பத்தடி ப்ளெக்ஸில் எங்கள் முகங்களை வரிசையாகப் போட்டு, 'எங்கள் மாணவர்கள் இன்று உலகப் புகழ் பெற்ற நிறுவனங்களில்' என்று எழுதியிருக்கிறார்களாம். என் முகத்துக்குக் கீழே நெட்வொர்க் இன்ஜினியர் என்று இருக்கிறதாம். ஆயுத பூஜை இல்லையா, கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த கையோடு போர்டுக்கும் மாலையைச் சாத்தியிருக்கிறார்கள். சாருக்கு அவ்வளவுதான் அறிவு.

ஒப்பாரி வைத்த அதே கூட்டம் அங்கேயே நின்று வாழ்த்தியது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலை கெடச்சத எங்கிட்டக்கூட சொல்லலியே என்று அப்பாவிடம் சண்டைக்குப் போனாள். எனக்கு வேலை கிடைக்கவில்லை, அது பொய் என்று நான் சொன்னேன். இரண்டு மூன்று முறை சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. வாங்கியவர்களும் சிரித்தார்கள். எங்கள் பிளாக்கில் நல்ல சேதியை யாரும் சட்டென்று ஒத்துக்கொள்வதில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனாலும் இல்லை என்பார்கள், முழுகாமல் இருந்தாலும் இல்லை என்பார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம். நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, வேலை பெரிய வேலைதான் என்று எல்லோருக்கும் உறுதியானது. அத்தை உப்பையும் மிளகாயையும் எடுத்துவந்து எனக்குச் சுற்றிப் போட்டாள். மிளகாய்ப் புகையில் இருமிக்கொண்டே நான் இன்னும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குக் கீழ்வீட்டு அக்காவும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். துணி ஏற்றுமதிக் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டும் வேலை அவளுக்கு. புருஷன் விட்டுப் போய்விட்டான். ஒரே பெண். அந்த வருடம் பிளஸ் டூ முடித்து, நல்ல மார்க் வாங்கி, அரசு நர்சிங் டிப்ளமாவில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் படிப்பு, தங்குமிடம் எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், முடித்தால் வேலை ஏறக்குறைய நிச்சயம். எங்கள் படிக்கட்டில் ஏறி இறங்கிய எல்லோரும் அந்தப் பெண்ணை அப்போதே நர்ஸம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் அக்கா என்னிடம் வந்தாள். சென்டருக்கு டிகிரி வேண்டுமா, பிளஸ் டூ போதுமா என்று கேட்டாள். எதற்கு என்றேன். நர்ஸ் வேலை என்றால் மலம் மூத்திரம் எடுக்கணும், ராத்திரி டூட்டி போகணும், எம் பொண்ணு ஏன் அந்த வேலைக்குப் போவணும், ஒன்ன மாதிரி ஏ.சி.ல ஒக்காரட்டும் என்றாள். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அக்கா, நான் எந்த ஏ.சி.யிலும் உட்காரவில்லை, என் வீட்டு ஃபேன் கூடச் சரியாக ஓடவில்லை என்றேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

நான் நேராக டோல்கேட்டுக்குப் போனேன். மாடிப்படி வாசலில் போர்டு இருந்தது. மாலை வாடியிருந்தது, நான் வாடாமல் முறைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு இருந்த மற்ற முகங்களையும் பார்த்தேன். ஒருவன் அவன் மாமாவின் செல்போன் கடையில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தான். ஒருத்தி கல்யாணமாகி ஊர் போய்விட்டாள். உலகப் புகழ் பெற்ற நிறுவனங்கள்!

மாடிக்குப் போய், படத்தை எடுங்கள் என்றேன். சார் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார், டீ சொன்னார். இது விளம்பரம்மா, எல்லா சென்டரும் பண்றதுதான் என்றார். இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு உனக்குக் கிடைக்கத்தானே போகுது, கொஞ்சம் முன்னாடி போட்டுட்டோம், அவ்வளவுதானே என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என்னை நம்பி ஒரு பெண் நர்சிங் இடத்தை விடப்போகிறாள் என்றேன். அவர் யோசித்தார். அவர் யோசித்தது அந்தப் பெண்ணைப் பற்றி இல்லை.

"உனக்கு இப்ப வேலைதானே பிரச்சனை? இங்கயே சேர்ந்துடு. அதே கோர்ஸ், நீயே க்ளாஸ் எடு. போர்டுல இருக்கிறது பொய்யாவும் இருக்காது."

நான் பாஸ் செய்த பரீட்சைக்கு உலகத்திலேயே அந்த ஒரு வேலைதான் காத்திருந்தது. அந்தப் பரீட்சைக்கு இன்னும் நாலு பேரைத் தயார் பண்ணுகிற வேலை. அவர்கள் பாஸானால் அவர்களும் இன்னும் நாலு பேருக்குச் சொல்லித்தரலாம். அப்பா கேட்டுக்கு உள்ளே போ என்றாரே, அந்த கேட்டுக்கு உள்ளே இன்னொரு சென்டர்தான் இருந்தது. எனக்கு அன்றைக்கு வேலை அவ்வளவு தேவைப்பட்டது. அம்மா தினமும் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்க ஆரம்பித்திருந்தாள். ஆனாலும் அந்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். நல்லவள் என்பதால் இல்லை. அந்த ஆள் என் முகத்தை இரண்டாவது தடவை வாங்கப் பார்த்தான் என்ற ஆத்திரம்.

சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வரும்வரை படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். எத்தனை கம்பெனி ஏறி இறங்கினேன், என்ன சொல்லித் துரத்தினார்கள், பூட்டிய அலமாரி, டம்ப், காலையில் சார் கொடுத்த வேலை எல்லாவற்றையும். படிப்பு மோசமில்லை அக்கா, ஆனால் முதல் வேலைக்கு அது மட்டும் போதாது, உள்ளே இருப்பவனுக்குத்தான் அது உதவும், கையில் வந்த நர்சிங் சீட்டை விடாதே என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மேல் மாடிக் கதவுகள் திறந்தன. அந்தப் பெண் வாசலில் நின்று அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா முழுக்கக் கேட்டாள். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீ மேல ஏறிட்ட. எம் பொண்ணு மட்டும் பீ வாரணும். அதானே?"

நான் எதிரில் உயிரோடு நிற்கிறேன், போன வருடச் செருப்பு தேய்ந்துபோன காலோடு நிற்கிறேன், என் பேச்சு எடுபடவில்லை. டோல்கேட்டில் தொங்கும் என் படத்தை அவள் நம்பினாள். பத்தடி உயரத்தில் அச்சடித்துத் தொங்கினால்தான் எங்கள் ஜனத்துக்கு ஒரு முகம் உண்மை பேசும் போலிருக்கிறது.

அடுத்த நாள் காலையில் பரோட்டாக் கடையில் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி, ஏறி நின்று, பிளேடால் என் முகத்தை அந்த போர்டிலிருந்து வெட்டி எடுத்தேன். காதோரம் கொஞ்சம் போர்டிலேயே தங்கிவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் இன்னா மேட்டரு என்று கேட்டார்கள். என் மூஞ்சி, நான் எடுத்துக்குறேன் என்றேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. சார் மேலே ஜன்னலிலிருந்து போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தினார். கூப்பிடுங்கள், நானும் சொல்ல நிறைய வைத்திருக்கிறேன் என்று நானும் கத்தினேன். அவர் கூப்பிடவில்லை.

என்ன பிரயோஜனம்? போர்டில் ஓட்டை விழுந்ததைப் பார்த்து ஜனங்கள் புதுக்கதை கட்டினார்கள். பாரினுக்குப் போய்விட்டேனாம், அதனால் படத்தை எடுத்துவிட்டார்களாம். தினமும் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. அந்த வாரமே அக்கா பெண்ணைச் சென்டரில் சேர்த்தாள். நர்சிங்கில் சேரவேண்டிய நாள் வந்தது, போனது. அன்று அந்தப் பெண் நோட்டும் பேனாவுமாக டோல்கேட் பக்கம் நடந்து போனதை மாடியிலிருந்து பார்த்தேன். அம்மா, என்னடி மூச்சு இப்படி வாங்குது என்று கேட்டாள்.

எனக்கு வேலை கிடைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில், துறைமுகத்துக்கு வந்து போகிற சரக்குக்குச் சுங்கப் பேப்பர் தயார் செய்யும் ஒரு சின்ன ஆபீஸ். அப்பாவுக்குத் தெரிந்தவர் மூலம் டைப் அடிக்கப் போனேன். முதலாளி சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை வருவியா என்று மட்டும் கேட்டார். அங்கே இருந்த கம்ப்யூட்டர்களை யாரும் கவனிக்காததால் நான் கவனிக்க ஆரம்பித்தேன். மெல்ல மெல்ல அதுவே என் வேலையானது. படித்தது எல்லாம் அப்போதுதான் கைக்கு வந்தது. சில வருடம் கழித்து வேறு கம்பெனிக்கு விண்ணப்பித்தபோது அதே சான்றிதழைப் பார்த்து, அடடே, சர்டிபைடா என்றார்கள். அதே தாள், அதே முத்திரை, அதே மதிப்பெண். முன்னால் அதைப் பார்த்துச் சிரித்தவர்களின் ஜாதிதான் இவர்களும். இப்போது பக்கத்தில் அனுபவம் என்று ஒரு வரி இருந்தது, அதனால் தாளுக்கு உயிர் வந்துவிட்டது. சான்றிதழ் உதவுமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். உதவும், நீ ஏற்கெனவே உள்ளே இருந்தால். வெளியே நிற்பவனுக்கு அதைக் காட்டி அழைத்துப்போகிறவன் அவனை அழைத்துப்போவது தன் கல்லாவுக்கு.

அந்தப் பெண் நன்றாகப் படித்தாள். பரீட்சையிலும் பாஸானாள். டிகிரியும் இல்லை, அனுபவமும் இல்லை, வெறும் சான்றிதழோடு அவள் ஏறாத படி இல்லை. என்னைவிட மோசமாகத் துரத்தினார்கள். தெரிந்த இடத்திலெல்லாம் நானும் சொல்லிப் பார்த்தேன். டிகிரி இல்லையே என்று கையை விரித்தார்கள். கடைசியில் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று அக்கா கொஞ்ச காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஒரு கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றிருந்தோம். நான் அக்காவிடம் சரியாகப் பேசி வருடங்கள் ஆகியிருந்தன. எதிரில் ஒரு பெண் வெள்ளைப் புடவையில் டூட்டி முடிந்து வந்துகொண்டிருந்தாள். அக்கா பெண்ணோடு பிளஸ் டூ படித்தவள், அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அக்கா அவள் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அன்னிக்கி நீ என்னிய நாலு அற வுட்டாவது சொல்லிருக்கலாமேடி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கையில் இருந்த குடத்தைத் தூக்கிப் போடலாம் போல இருந்தது. நான் சொல்லவில்லையா? படிக்கட்டே அதிரக் கத்தவில்லையா? மூன்று மாடியும் கதவைத் திறந்து பார்க்கவில்லையா? எல்லாம் வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என் மேல் அதே கோபத்தோடுதான் நின்றிருந்தாள். உண்மையான கோபம். சார் சென்டரை இழுத்து மூடிவிட்டு எங்கே போனார் என்று ஏரியாவில் ஒருவருக்கும் தெரியாது. முகவரியை நானே தேடிப் பார்த்திருக்கிறேன். ஏமாற்றியவன் போய்விட்டான். ஒருவர் மேல் ஒருவர் கோபப்பட்டுக்கொள்ள நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம் இருந்தோம். லாரி வந்தது. அவள் குடத்தை முன்னால் தள்ளினாள், நான் என் குடத்தைத் தள்ளினேன்.